கத்தி வாங்கும் முன் ஒரு தடவை தட்டிப் பாருங்க

போன ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த நேரம். எங்கள் தோட்டத்துக்கு ஒரு தம்பி வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கடையம் பக்கத்தில் அப்பாவின் இரண்டு ஏக்கரில் இயற்கை விவசாயம் தொடங்கியிருக்கிறான். பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துக் காட்டினான். கறுப்பு அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் முனையில் ஒரு திசைகாட்டி. ‘வேட்டைக் கத்தி’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 1,800 ரூபாய்.

“எப்படிண்ணே இருக்கு?”

வேலியில் நின்ற கிளைரிசிடியாவைக் காட்டி, “தழைக்கு நாலு கிளை வெட்டு தம்பி, பார்ப்போம்” என்றேன். நாலாவது கிளையிலேயே பிடி ஆட ஆரம்பித்துவிட்டது. காரணம் ரொம்பச் சாதாரணம். பிடிக்குள் திசைகாட்டியும் தூண்டில் முள்ளும் வைக்க இடம் வேண்டுமென்றால் பிடி குழாயாக இருக்க வேண்டும். பிடி குழாயாக இருந்தால், அலகின் காம்பு உள்ளே முழுசாகப் போகவில்லை என்று அர்த்தம்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே தப்பைச் செய்தவன்தான். சீசன் கடை ஒன்றில் பளபளவென்று தொங்கிய ஒரு கத்தியை 250 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் தென்னை மட்டையைக் கிழிக்கும்போது பிடிக்குள்ளிருந்து அலகு கழன்றது. இடது உள்ளங்கையில் ஏழு தையல். நடவு நேரத்தில் இருபது நாள் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆள் கூலி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் சேர்த்தால் அந்தக் கத்தியின் விலை என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்க.

அதற்குப் பிறகுதான் கத்தியைப் பற்றிக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நமக்கு எந்தக் கத்தி?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைக் கத்தி நமக்குத் தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். மேக்கரை, வடகரை, கடையம் பக்கமெல்லாம் காட்டுப்பன்றி நம் வயிற்றில் அடிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வழி வேலியும், காவலும், வனத்துறையில் கொடுக்கும் மனுவும்தான். கத்தியோ, கன்னியோ, வெடிக்காயோ இல்லை.

ஆனால் வேட்டைக் கத்தி என்று உலகம் முழுக்க விற்கிறார்களே, அதன் நல்ல வகைக்கும் நம் இடுப்பில் செருகும் தோட்டக் கத்திக்கும் இலக்கணம் ஒன்றுதான்: மடங்காத ஒரே அலகு, பிடிக்குள் கடைசி வரை ஓடும் காம்பு, கூர் நிற்கிற எஃகு. சுவீடனில் மோரா என்ற ஊர்க் கத்தி இருக்கிறது. தச்சனும் விவசாயியும் மீன்பிடிப்பவனும் வைத்திருக்கிற, விலை குறைந்த, அலங்காரமில்லாத கத்தி. அதன் பேர் உலகமெல்லாம் பரவியதற்குக் காரணம் அழகு இல்லை, எஃகும் விலையும்தான்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம்? வாழைக்கறையும் மண்ணும் மடிப்பில் போய் அடைத்துக்கொள்ளும். அழுத்தி வெட்டும்போது விரல் மேல் மடங்கும். ஒட்டுக்கட்டவும் பழம் நறுக்கவும் சரி, தோட்ட வேலைக்குச் சரிப்படாது.

இன்னொரு விஷயம். களைக்கொல்லி அடிக்கிறவருக்குக் கத்தி வேலை கொஞ்சம்தான். நமக்கு அப்படி இல்லை. மூடாக்குக்குத் தழை வெட்டணும், ஐந்திலைக் கரைசலுக்கு எருக்கு, நொச்சி, ஆடாதோடை எல்லாம் நறுக்கணும், உயிர்வேலியைக் கவ்வாத்துப் பண்ணணும், வாழையில் பக்கக் கன்று எடுக்கணும், சாக்கு, கயிறு, சணல்... காலையில் இடுப்பில் செருகினால் சாயங்காலம்தான் எடுக்கிறோம். அதனால் ஒரு நல்ல கத்தி நமக்கு ஆடம்பரம் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் ஒரு பன்னரிவாள், அறுப்புக்கும் புல்லுக்கும். இரண்டாவது, ஐந்து அங்குல அலகுள்ள தோட்டக் கத்தி. மூன்றாவது, கிளை கழிக்கவும் மட்டை வெட்டவும் ஒரு வெட்டரிவாள். இந்த மூன்று போதும். இங்கே நான் பேசுவது அந்த இரண்டாவதைப் பற்றி. ஆனால் சோதனை முறைகளில் பாதி வெட்டரிவாளுக்கும் பொருந்தும்.

இரும்பா, எஃகா?

கடையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் கரிமத்தில் இருக்கிறது. கதவுக் கம்பி, ஜன்னல் பட்டைக்கு வரும் சாதா இரும்பில் கரிமம் நூற்றுக்குக் கால் பங்கு கூட இருக்காது. அதை எவ்வளவு தீட்டினாலும் வாய் மடங்கிவிடும். காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் உரம் ஏறாது. வண்டிகளின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் கரிமம் நூற்றுக்கு அரை முதல் 0.6 வரை இருக்கும். அது உரம் ஏறும், கூர் நிற்கும், அதே நேரம் சட்டென்று உடையாது. அரம் செய்யும் எஃகில் ஒன்றுக்கு மேல் இருக்கும். நல்ல கூர் நிற்கும், ஆனால் உரம் ஏற்றுவதில் கை தவறினால் கண்ணாடி மாதிரி பெயர்ந்துவிடும்.

இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது இரும்புக் கருவிகள் நிறையக் கிடைத்தன. நம் தென்காசி மாவட்டத்திலேயே திருமலாபுரம் ஈமக்காட்டில் அண்மையில் நடந்த அகழாய்விலும் இரும்புக் கருவிகள் வந்திருக்கின்றன. மூசையில் இரும்பையும் கரியையும் அடைத்து உருக்கிய தென்னாட்டு உருக்கைத்தான் வெள்ளைக்காரர்கள் ‘வூட்ஸ்’ என்றார்கள். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைச் சோதித்து எழுதினார். அந்த உருக்கில் கரிமம் ஒன்றிலிருந்து ஒன்றரைப் பங்கு, சிலதில் அதற்கும் மேல். நம் கொல்லர்களுக்கு ‘கரிமம்’ என்ற சொல் தெரிந்திருக்காது; எது உரம் ஏறும், எது ஏறாது என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

துருப்பிடிக்காத ‘ஸ்டெய்ன்லெஸ்’ கத்தி எப்படி? அதில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைக்கு மேல் இருக்கும். அதனால்தான் துரு ஏறாது. எலுமிச்சையும் மாங்காயும் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு அது வசதி. நல்ல ஸ்டெய்ன்லெஸ் கத்தியும் உண்டு. ஆனால் மலிவு விலையில் வருவது பெரும்பாலும் மென்மையான தகடு. காய்கறிக்குச் சரி, கிளைக்கு ஆகாது. அதே காசுக்கு ஸ்பிரிங் பட்டைக் கத்தி மேல். ஒரே நிபந்தனை, துடைத்து வைக்கணும்.

பட்டறையில் பார்த்தது

பாவூர்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் ஒரு ஆசாரி இருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். கை தையல் ஆறியதும் அவரிடம்தான் போனேன். கழன்ற கத்தியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், சிரித்தார்.

“தம்பி, இது கத்தி இல்ல, தகடு. சாணையில பிடிச்சுக் காட்டுதேன் பாருங்க.”

சாணையில் பிடித்தார். பொறி நீளமாக, கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு ஸ்பிரிங் பட்டைத் துண்டைப் பிடித்தார். பொறி கொஞ்ச தூரம் போய், மத்தாப்பு மாதிரி பூவாகச் சிதறியது. “பூ விட்டா உருக்கு, கோடு விட்டா வெறும் இரும்பு. இம்புட்டுத்தான் தம்பி படிப்பு” என்றார். சாதா இரும்பையும் கரிம எஃகையும் பிரித்துப் பார்க்க இன்றைக்கும் தொழிற்சாலைகளில் இந்தப் பொறிச் சோதனை இருக்கிறது.

அன்று எனக்கு ஒரு கத்தி அடித்தார். பழைய வேன் பட்டை. முதலில் குளிர்ந்த பட்டையைக் கல்லில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். ‘ணங்’ என்று நின்று ஒலித்தால் எடுப்பார். ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே கீறல், தூக்கிப் போட்டுவிடுவார். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்பதால் இது முக்கியம்.

உலையில் காய்ச்சி, அடித்து, முதுகு நாலு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தார். காம்பைப் பிடி அளவுக்கு முழு நீளமாக விட்டார். சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டு, அரம் போட்டு வாயைச் சரிசெய்தார். பிறகுதான் தோய்ச்சல்.

எந்தக் கத்தியின் உயிரும் இந்தத் தோய்ச்சலில்தான் இருக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார். காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஏறத்தாழ 800 டிகிரிக்கும் 850 டிகிரிக்கும் நடுவில். எடுத்து வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் முக்குகிறார். ஸ்பிரிங் பட்டையைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம், அதனால் எண்ணெய். வெளியே எடுத்ததும் கல்லால் ஓரிடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு கண் இமைக்காமல் பார்க்கிறார். முதுகில் தங்கியிருக்கும் சூடு வாய்ப்பக்கம் இறங்கி வரும்போது நிறம் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். கத்திக்கு மஞ்சளும் பழுப்பும் சேரும் இடத்தில் நிறுத்தணும். வெட்டரிவாளுக்கு ஊதா வரை விடணும். அந்த நொடியில் முழுக் கத்தியும் எண்ணெய்க்குள் போகிறது.

“மஞ்சளுக்கு முந்தி முக்குனா வாய் பெயரும். நீலத்த தாண்டிட்டா வாய் மடங்கும். அந்த நேரத்துல யாரும் எங்கிட்ட பேசப்படாது” என்றார். முதுகு மென்மையாக நிற்பதால் அடி தாங்கும், வாய் கெட்டியாக இருப்பதால் கூர் நிற்கும். ஒரே அலகில் இரண்டு குணம்.

போன வருஷம் பழைய பட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்து இன்னொரு கத்தி அடித்தேன். பிடியோடு சேர்த்து 450 ரூபாய் வாங்கினார். அந்தத் தம்பியின் வேட்டைக் கத்தியின் விலையில் கால் பங்கு.

கடையில் வாங்கினால் என்ன பார்க்கணும்?

எல்லா ஊரிலும் உலை எரிவதில்லை. சந்தையிலோ இரும்புக் கடையிலோ வாங்க வேண்டி வரும். அப்போது இந்த ஆறையும் பாருங்க.

1. தட்டிப் பாருங்க. பிடி போடாத அலகாக இருந்தால் நூலில் தொங்கவிட்டு இன்னொரு இரும்பால் தட்டுங்க. ஓசை நின்று ஒலிக்கணும். பிடி போட்டிருந்தால் முதுகைக் கட்டையில் தட்டுங்க. பிடிக்குள் ‘கடகட’ என்று கேட்டால் வைத்துவிட்டு வாங்க.

2. காம்பைப் பாருங்க. பிடியின் இரண்டு பக்கக் கட்டைக்கு நடுவே எஃகு ஒரு கோடாகக் கடைசி வரை தெரிந்து, இரண்டு மூன்று ரிவிட் அடித்திருந்தால் அதுதான் முழுக் காம்பு. குச்சிக் காம்பாக இருந்தால் வாய்ப்பக்கம் பூண் இறுக்கமாக இருக்கணும், பிடியின் அடியில் காம்பு முனை வெளியே வந்து மடக்கியிருக்கணும். இரண்டும் இல்லாமல் உருண்ட பிளாஸ்டிக் பிடி மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது.

3. அரம் போட்டுப் பாருங்க. சின்ன அரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்க. வாயில் லேசாக இழுத்தால் வெண்ணெய் மாதிரி கடித்தால் உரம் இல்லை. கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கினால் உரம் கூடிப்போச்சு. சிரமப்பட்டுக் கொஞ்சமாகக் கடிக்கணும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்க.

4. கண் மட்டத்தில் பிடித்து முதுகைப் பாருங்க. நேராக ஓடணும். வாயில் வெயில் பட்டு மின்னும் புள்ளி இருந்தால் அந்த இடம் மொக்கை, அல்லது சொட்டை விழுந்திருக்கிறது.

5. அளவு. அலகு ஐந்து அல்லது ஆறு அங்குலம், முதுகு மூன்று நாலு மில்லிமீட்டர். அதற்கு மேல் கனம் இருந்தால் நறுக்க வராது. குறைந்தால் அடிக்க வராது. முதுகில் ரம்பப் பல், நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் கூர், இதெல்லாம் வேண்டாம். பல் வெட்டிய இடத்தில்தான் முதலில் விரிசல் விடும்.

6. பிடி. உங்கள் கைக்கு ஏற்றதாக இருக்கணும். நாலு விரலும் அடங்கி, கொஞ்சம் மீதி இருக்கணும். விரல் வாய்ப்பக்கம் வழுக்காமல் தடுக்க ஒரு சின்ன மேடு அவசியம். பெண்கள் வாங்கும்போது வீட்டு ஆண்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம், அது தப்பு. பிடிக்கிற கையே தேர்ந்தெடுக்கட்டும். கட்டைக்குப் புளி, கொய்யா, கருவேலம் நல்லது. வழவழவென்று வார்னிஷ் அடித்தது மழையில் வழுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘தென் மாவட்டத்துக்காரன் கத்தியோடு போனால் போலீஸ் பிடிக்காதா?’ என்று அந்தத் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேராது. நம் அரிவாள் விவசாயக் கருவிதான். ஆனாலும் தோட்டத்தில் இருக்கும் வரைதான் அது கருவி. பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் செருகி நின்றால் விளக்கம் சொல்ல வேண்டி வரும். சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துப் போங்க.

2021இல் கொலைச் சம்பவங்களை அடுத்து, அரிவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குபவரின் பேரையும் முகவரியையும் எழுதி வைக்கணும் என்று காவல்துறை சொன்னது. ஆசாரி நோட்டை நீட்டினால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்க. அது அவருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

வாங்கின பிறகு

ஆயுத பூசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். மற்ற நாளெல்லாம் சேற்றோடு தொழுவத்தில் எறிகிறோம். எஃகுக்கு வேண்டியது கொஞ்சம்தான்: வேலை முடிந்ததும் கழுவி, ஈரம் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். எலுமிச்சைச் சாறும் மாங்காய்ப் பாலும் வாழைக்கறையும் பட்டால் அன்றைக்கே கழுவணும். நாளாக நாளாக அலகு கறுப்பாகும். அது கெடுதல் இல்லை. செம்பழுப்புத் துருவைத்தான் விடக்கூடாது.

தீட்டுவதற்குக் கல் போதும். சாய்வு எவ்வளவு என்று குழம்ப வேண்டாம். ஒரு தாளின் மூலையை இரண்டாக மடித்தால் 45 டிகிரி, இன்னொரு தடவை மடித்தால் இருபத்திரண்டரை. அந்தச் சாய்வில் அலகை வைத்து இரண்டு பக்கமும் சமமாகத் தேயுங்க. வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் போதும். கிரைண்டர் மிஷினில் மட்டும் கொடுக்காதீங்க. வாய் நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் ஆசாரி கொடுத்த தோய்ச்சல் போய்விட்டது. மறுபடி உலைக்குத்தான் போகணும்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில நோய்கள் கத்தி வாயிலேயே மரத்துக்கு மரம் போகும். நோய் தெரிகிற மரத்தைக் கடைசியில் வெட்டுங்க. பிளீச்சிங் கரைசலில் அலகைத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் போட்டு வையுங்க.

உறை இல்லாமல் கத்தி வைத்திருக்காதீங்க. தோல் உறைக்குக் காசு இல்லையென்றால் பி.வி.சி. குழாய்த் துண்டைச் சூடுகாட்டி நசுக்கினால் உறை தயார். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள் நம் பெரியவர்கள்; அது மூடநம்பிக்கை இல்லை. வெட்டுப்பட்டால் சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீங்க. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, நேரே ஆஸ்பத்திரி.

கடைசியாக

அந்தத் தம்பியை ஆசாரியிடம் கூட்டிப்போனேன். அவன் கைப்பிடி அளவை நூலில் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பும்போது, “இவருக்குப் பிறகு யாருண்ணே அடிப்பாங்க?” என்று கேட்டான். அவர் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். முன்பு அந்தத் தெருவில் நாலு உலை இருந்தது; இப்போது ஒன்று. வாரத்தில் மூன்று நாள்தான் கரி போடுகிறார்.

விதையை நாமே வைத்துக்கொள்ளணும், உரத்தை நாமே செய்துகொள்ளணும் என்று பேசுகிறோம். கருவி மட்டும் எங்கிருந்தோ வரட்டும் என்று விட்டுவிட்டோம். நம் வீட்டுப் பரணில் மொக்கையாகிக் கிடக்கும் அரிவாளும் மண்வெட்டியும் எத்தனை? இந்தச் சித்திரைக்குள் அதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி, பக்கத்துப் பட்டறைக்கு எடுத்துப் போங்க. வாய் வைக்க ஆகும் செலவு புதிது வாங்குவதை விடக் குறைவு. போகும்போது வீட்டில் படிக்கிற பிள்ளையையும் கூட்டிப்போங்க. அந்த மஞ்சள் நிறம் முதுகிலிருந்து வாய்க்கு இறங்கி வருவதை அது ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும்.